பழத்தட்டும் பாவக்கணக்கும்

வாழைத்தார் வெட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தின் இடுப்பில் அரிவாளால் ஒரு வெட்டு. மரம் மெதுவாகச் சாயும். சாய்கிற தாரைத் தரையில் விடாமல் ஒருவர் தோளில் வாங்கிக்கொள்வார். தாரை அறுத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். ஒரு முறை குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது, அதை நிறுத்தி வைத்து என்ன பிரயோஜனம்? பக்கத்தில் கன்று வரும், அது அடுத்த கதை.

இந்தப் பீடிகை எதற்கென்றால், உலகத்தில் 'செடியைக்கூடக் கொல்லாமல் சாப்பிடுகிறோம்' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஃப்ரூட்டேரியன் என்று பெயர். தமிழில் பழவுணவுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பழம் மட்டும்தான் சாப்பாடு. சிலர் கொட்டை, பருப்பு சேர்த்துக்கொள்வார்கள். சிலர் அதுவும் கூடாது என்பார்கள். தானாக உதிர்ந்த பழம் மட்டும்தான் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. கீரை கூடாது, ஏனென்றால் இலை செடியின் உறுப்பு. கிழங்கு கூடாது, ஏனென்றால் செடியையே பிடுங்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் தினமும் வயிற்றை நிரப்பிக்கொள்வது எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? வாழைப்பழம்!

இப்போது மேட்டருக்கு வருவோம். சாப்பாட்டை ஒரு ஏணி மாதிரி அடுக்கி வைக்கிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அடியில் கறி தின்கிறவன். அதற்கு மேல் நம்மூர் சைவம், அதாவது கறி கிடையாது ஆனால் பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. அதற்கும் மேல் வீகன். பாலும் கிடையாது, தேனும் கிடையாது, பட்டும் தோலும் கிடையாது. உச்சியில் பழவுணவுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், கீழே இருக்கிற எல்லோரையும் கருணையோடு பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் பாவம் குறைகிறது, பூமியின் சுமையும் குறைகிறது என்பது கணக்கு. இந்தக் கணக்கில் கடைசிப் படி பொய். வீகன் படியிலிருந்து பழப் படிக்குப் போகிறவர் ஏறவில்லை, அறத்திலும் சரி, சுற்றுச்சூழலிலும் சரி, இறங்குகிறார். இதைச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே எல்லா சாட்சியும் கிடைக்கும்.

வீகன் என்ற சொல் 1944ல் இங்கிலாந்தில் பிறந்தது. டொனால்டு வாட்சனும் சில நண்பர்களும் சைவக்காரர்களிடமிருந்து பிரிந்து வீகன் சொசைட்டி ஆரம்பித்தார்கள். சண்டை எதற்கு என்றால் பாலுக்குத்தான். அவர்கள் கேட்ட கேள்வி நேரானது: இந்த உணவுக்காக வலியை உணரக்கூடிய ஒரு பிராணி அடிமையாகிறதா, சாகிறதா? பழவுணவுக்காரர் கேட்பது வேறு: இந்த உணவுக்காக ஒரு செடி சாகிறதா? கேட்பதற்கு இரண்டாவது கேள்வி முதல் கேள்வியின் அண்ணன் மாதிரி இருக்கிறது. வயலில் இறங்கிப் பார்த்தால் இரண்டுக்கும் உறவே கிடையாது.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாள் படுகிற நேரத்தில் பயிர் பழுத்து, மஞ்சளாகி, தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கிறது. அறுக்காவிட்டாலும் காய்ந்துதான் போகும். உளுந்து, துவரை, கொள்ளு, கேழ்வரகு எல்லாம் அப்படித்தான். காய்ந்த நெற்றிலிருந்து உளுந்தை அடித்து எடுப்பதில் எந்தச் செடியின் வாழ்வும் பறிபோகவில்லை. ஆனால் பழவுணவுச் சட்டப்படி சோறும் உளுந்தங்களியும் இரண்டாந்தரம், பச்சை மரத்தைச் சாய்த்து எடுத்த வாழைப்பழம் முதல் தரம். முருங்கைக்கீரை கூடாது. முருங்கையை ஒடிக்க ஒடிக்கத்தான் தழைக்கும் என்று எந்த ஊர்ப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். கத்தரிக்காய் கூடும், ஏனென்றால் தாவரவியல்படி அது கனி. சீசன் முடிந்ததும் அந்தக் கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கி வரப்பில் போடுவார்கள், அது கணக்கில் வராது. நிலக்கடலையைப் பலர் அனுமதிக்கிறார்கள். கடலை மரத்திலா காய்க்கிறது? ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் கடலைக்கொல்லையில் ஆய்கிறவர்கள் செடியைத்தான் பிடுங்குகிறார்கள், வேரும் மண்ணுமாக.

விதை விஷயம் இன்னும் மோசம். 'பழத்தை மரம் நமக்காகவே தருகிறது, விதையைப் பரப்பினால் போதும்' என்பது அவர்களுடைய பிரதான லாஜிக். அழகான லாஜிக்தான். ஆனால் பழத்தைத் தின்றுவிட்டு விதையை எங்கே பரப்புகிறார்கள்? குப்பைத்தொட்டியிலா, ஃப்ளஷ் டாய்லெட்டிலா? தேங்காய் என்பதே விதை. உடைத்தால் அந்த வருங்காலத் தென்னை காலி. நுங்கு இன்னும் முற்றாத பனங்கொட்டை. மரத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மதிக்கிறவர் முதலில் இந்த இரண்டையும் விட வேண்டும்.

சரி, இந்த யோசனை எங்கேயோ வெளிநாட்டு ஹிப்பிகளிடமிருந்து வந்த சரக்கு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். இதற்கு மிகப் பழைய வேர் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் போனவர்கள் எத்தனை பேர் ஏழடிப்பட்டம் வரை ஏறியிருப்பார்கள்? பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 படுக்கைகள், ஒன்றில் சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து. சமண முனிவர்கள் படுத்து, பட்டினி கிடந்து, உயிரைக்கூட விட்ட இடம். அந்த மதத்தில் ஒரு கதை உண்டு. லேசியை என்ற மனநிறங்களை விளக்கச் சொல்வார்கள். பசியோடு ஆறு பேர் ஒரு நாவல் மரத்தைப் பார்க்கிறார்கள். முதல் ஆள் மரத்தையே வேரோடு வெட்டலாம் என்கிறான். அடுத்தவன் பெரிய கிளை போதும் என்கிறான். அப்புறம் சின்னக் கிளை, அப்புறம் கொத்து, அப்புறம் பழம் மட்டும் பறிக்கலாம் என்று இறங்கிக்கொண்டே வருகிறது. ஆறாவது ஆள் சொல்கிறான், கீழே உதிர்ந்து கிடப்பதே போதுமே என்று. முதலாமவன் மனம் கறுப்பு, ஆறாமவன் மனம் வெள்ளை.

பழவுணவுக்காரர்கள் தேடி அலைகிற தத்துவம் மொத்தமும் இந்தக் கதையில் இருக்கிறது. கதை நல்ல கதை. தேவைக்கு மேல் ஒரு கிளையை ஒடிக்காதே என்கிறது. ஆனால் நாவல் ஆனி, ஆடி, மிஞ்சிப்போனால் ஆவணி. ஆறாவது ஆள் புரட்டாசியில் என்ன சாப்பிட்டான் என்று கதையில் இல்லை :-)

சமணர்களுக்கு அது தெரியும். கதையை மனசுக்கு வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். கிழங்கை விலக்கினார்கள். நெல்லையும் பயறையும் விலக்கவில்லை. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிற தமிழ்ச் சமணர்கள், வந்தவாசி, திண்டிவனம் பக்கம் இருக்கும் நயினார்கள், பரம்பரையாக நிலத்தில் விவசாயம் பார்த்தவர்கள். வேடிக்கை என்னவென்றால் சமணர் விலக்கிய பட்டியலில் பழங்களும் இருக்கின்றன. ஆல், அரசு, அத்தி வகைப் பழங்கள் கூடாது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பழம் என்றாலே உயிர்ச்சேதம் இல்லாதது என்று அஹிம்சையில் டாக்டரேட் வாங்கினவர்களே ஒப்புக்கொள்ளவில்லை. சித்தன்னவாசல் கூரையில் இருக்கிற 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தைப் பாருங்கள். தாமரைக் குளம். யானை, எருமை, மீன், அன்னம் எல்லாம் இருக்கின்றன. குளத்தில் இறங்கிய மனிதர்கள் கையில் என்ன? பறித்த தாமரை, தண்டோடு.

தாவரத்துக்கும் உயிர் உண்டே, அதைத் தின்னலாமா என்ற கேள்வியைத் தமிழர்கள் புதிதாகக் கேட்கவும் இல்லை. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் வரிசைப்படுத்தியாயிற்று. வள்ளலார் (1823-1874) ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இதே ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார். விதை, காய், கனி, பூ, கிழங்கு, தழை இவற்றை எடுப்பது நகமும் முடியும் வெட்டுவது மாதிரி, உயிருக்கு வாதை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கவனியுங்கள், கிழங்கும் தழையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பயிர் வாடினால் தானும் வாடிய மனிதர் அவர். அவர் 1867ல் வடலூரில் தருமசாலை அடுப்பைப் பற்ற வைத்தது பழம் நறுக்கிக் கொடுக்க அல்ல, சோறு பொங்கிப் போட. அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவனுக்கு வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் அறம். பழவுணவு பேசுகிறவர்களின் சித்தாந்தத்தில் பசித்தவன் எந்த இடத்தில் வருகிறான் என்று தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டான்.

காந்தியை இழுக்காமல் இந்த விவாதம் முடியாது, ஏனென்றால் பழவுணவுக்காரர்கள் முதலில் காட்டுகிற சர்டிபிகேட் அவர்தான். உண்மைதான். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் 1912ல் காந்தியும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். பிறகு பழவுணவு. பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். பாலை விட அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கல்கத்தாவில் பசுக்களைக் கறக்கச் செய்கிற கொடுமையைப் படித்தது. அது சுத்தமான வீகன் காரணம், அதற்கு ஒரு சலாம். மிச்சத்தைப் பாருங்கள். 1918ல் கெடா மாவட்டத்தில் கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமாக அலைந்து, சீதபேதியில் சாகிற நிலைக்குப் போனார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்று டாக்டர். சத்தியம் செய்தது பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூர்பா. குடித்தார். சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்கிற ரீதியில் பின்னால் வருந்தியும் எழுதினார். அந்த நேர்மை காந்திக்கு உண்டு, அவரை சர்டிபிகேட்டாகக் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இன்னொரு விஷயம். கெடாவில் அப்போது அவர் என்ன வேலையாக அலைந்தார்? முதல் உலகப்போருக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர ஆள் பிடிக்க. பால் தொடாத வாய், கிராமம் கிராமமாகப் போய் துப்பாக்கி தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டின் சுத்தத்தை வைத்து ஒருவரின் அஹிம்சையை அளக்கலாம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அடுத்தது சுற்றுச்சூழல். இங்கே பழவுணவுக்காரர்கள் வீசுகிற புள்ளிவிவரம் ஒன்று உண்டு, அதுவும் உண்மைதான். மெக்கோனன், ஹோக்ஸ்ட்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட உலக சராசரிக் கணக்கு. மழைநீர், பாசனநீர், அசுத்தமாகும் நீர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பழத்துக்கு 962 லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ பருப்பு வகைக்கு 4,055 லிட்டர். மாட்டுக்கறிக்கு 15,415. பார்த்தீர்களா, பழம்தான் சிக்கனம், வீகன் தின்கிற பருப்புகூட நாலு மடங்கு என்று முடித்துவிடுவார்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிற பாடம், யூனிட் தப்பானால் கணக்கு முழுக்கத் தப்பு. பழத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். உளுந்து காய்ந்த சரக்கு. இரண்டையும் கிலோவில் ஒப்பிடுவது இளநீரையும் கொப்பரையையும் ஒரே தராசில் வைக்கிற மாதிரி. மனிதன் கிலோவைச் சாப்பிடுவதில்லை, கலோரியையும் புரதத்தையும் சாப்பிடுகிறான். அதே ஆய்வு, அதே அட்டவணை, பக்கத்துப் பத்தி: ஒரு கலோரிக்குத் தானியம் 0.51 லிட்டர், பருப்பு 1.19, பால் 1.82, பழம் 2.09. ஒரு கிராம் புரதத்துக்குப் பருப்பு 19 லிட்டர், தானியம் 21, பால் 31, மாட்டுக்கறி 112. பழம்? 180! புரதம் என்ற யூனிட்டில் பழம் மாட்டுக்கறியையே தாண்டி நிற்கிறது. உலகத்தில் யாரும் புரதத்துக்காகப் பழம் தின்பதில்லை என்று பதில் வரும். சரிதான், ஆனால் பழத்தைத் தவிர வேறு எதையும் தின்னமாட்டேன் என்று சொன்னது யார்?

வாழைப்பழத்தையே போட்டுப் பார்க்கலாம். உரித்த பழம் 100 கிராமில் சுமார் 89 கலோரி, 1.1 கிராம் புரதம். ஒரு பூவன் உரித்தால் 80 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதிகம் உடலுழைப்பு இல்லாத 65 கிலோ ஆணுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்ன புரதம் ஒரு நாளைக்கு 54 கிராம். கலோரிக்கு மட்டும் 30 பழம் வேண்டும், புரதத்துக்கு 60 பழத்துக்கு மேல். உளுந்தில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம். சோற்றோடு இரண்டு வேளை பருப்பு, ஒரு சுண்டல் என்றால் வேலை முடிந்தது. பி12 வைட்டமின் இருவருக்கும் கிடையாது, மாத்திரை போட்டுத்தான் ஆக வேண்டும். வீகன் இயக்கம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் வேடம் போட்ட ஆஷ்டன் குச்சர் அவரைப் போலவே பழவுணவு முயற்சி செய்து, 2013ல் படம் வருமுன் ஆஸ்பத்திரியில் படுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

உலக சராசரியை விடுங்கள், புதுக்கோட்டைக்கு வாருங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். வெள்ளாறு, அம்புலியாறு, அக்னியாறு எல்லாம் மழைக்கு ஓடுகிறவை. அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் கொஞ்சம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மற்றபடி குளம், கண்மாய், அது வற்றினால் போர்வெல். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் பலாவும் வாழையும் தென்னையும் பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்தப் பச்சைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து இழுக்கிற தண்ணீர் இருக்கிறது. வாழைக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். உளுந்துக்கு ஒரு பருவம், ஏறக்குறைய 70 நாள், மழையும் மண் ஈரமும் ஓரளவு இருந்தால் தேறிவிடும். ஆலங்குடி பக்கத்து வம்பனில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று தமிழ்நாடு பூராவும் விதைக்கிற உளுந்து ரகங்கள் அங்கிருந்து போனவை. வறண்ட பூமியில் குறைந்த தண்ணீரில் புரதம் விளைவிப்பது எப்படி என்று வேலை செய்கிற இடத்தை வைத்துக்கொண்டு, அந்த மாவட்டத்துக்காரனிடம் பருப்பு ஒரு படி கீழே, பழம்தான் உயர்வு என்று ஜல்லியடிப்பது கொஞ்சம் ஓவர்.

மரம் என்றாலே இயற்கைக்கு நல்லது என்கிற மயக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. அந்த மயக்கம் தெளிய, வனத்தோட்டக் கழகம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு வைத்திருக்கிற தைலமரக் காட்டுக்குள் போய் ஒரு குருவியைத் தேடிப் பார்க்கலாம்.

2018 நவம்பர் 16. கஜா. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் விடிவதற்குள் புதுக்கோட்டைக்குள் புகுந்துவிட்டது. தென்னை, பலா, மா, வாழை, முந்திரி என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் பல. நெல் போனால் அடுத்த போகம். உளுந்து போனால் மூன்று மாதம். நாட்டுத்தென்னை போனால் காய் பார்க்க ஆறேழு வருடம், பலா பழையபடி நிறையக் காய்க்க அதைவிட அதிகம். மரத்தை மட்டும் நம்பிய வீடு எப்படி உட்காரும் என்று அந்த வருடம் ஆலங்குடி வட்டமே பார்த்தது. ஊரெல்லாம் பழந்தோப்பானால் உலகம் சொர்க்கம் ஆகும் என்று எழுதுகிறவர்கள், சாய்ந்த தோப்புக்கு நடுவில் அந்த ஆறு வருடம் என்ன சாப்பிடுவது என்பதையும் ஒரு வரி எழுதலாம்.

இவ்வளவு சொன்னதால் வீகன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அவர்கள் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடலாம். நம்மூர் சைவக்காரர் கசாப்புக்கடையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு டிகிரி காபி குடிக்கிறாரே, அந்தக் காபிக்குள் ஒரு கன்று இருக்கிறது. பசு கன்று போட்டால்தான் பால். பிறக்கிறதில் பாதி காளைக்கன்று. முன்பு ஏருக்கும் வண்டிக்கும் போனது. இப்போது டிராக்டர். ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பினக் காளைக்கன்றுக்கு எந்த வேலையும் இல்லை, பாலை அது குடித்தால் நஷ்டம். சந்தை, லாரி, கேரளா, அவ்வளவுதான். வாடிவாசல் எண்ணிக்கைக்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் புதுக்கோட்டையில் நாட்டுமாட்டுக் காளைக்கன்றுக்கு மட்டும் ஒரு மவுசு உண்டு. 2014ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும், 2017ல் போராடிச் சட்டம் கொண்டுவந்ததும், 2023ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் களத்தில் காளை படுகிற பாட்டைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது! ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் பின்னால் போகிற கலப்பினக் கன்றைப் பற்றி எத்தனை வந்தது? இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்கிறவர்கள் வீகன்கள் மட்டும்தான். செடி வலி, கனி ஒப்பந்தம் என்று ஆகாயத்தில் பேசுகிறவர்கள் இந்தக் கன்றை மங்கலாக்குகிறார்கள். கீரை பறிப்பதும் கன்றை லாரியில் ஏற்றுவதும் ஒரே தராசில் ஏறும்போது லாபம் யாருக்கு? லாரிக்காரருக்கு.

நிலக்கணக்கிலும் வீகன் பக்கம் வலுவானது. 2018ல் பூர், நெமெசெக் இருவரும் 119 நாடுகளில் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் விவரத்தைத் தொகுத்து 'சயின்ஸ்' இதழில் போட்ட கட்டுரைப்படி, விலங்குப் பொருட்களை மனிதன் விட்டால் உணவுக்கான நிலம் சுமார் 76 சதம் மிச்சம். அந்த மிச்சத்துக்குக் காரணம் தானியமும் பருப்பும். பழம் மட்டும் தின்றதால் வந்ததல்ல.

ஆனால் 76 சதம் என்பது உலகக் கணக்கு. பிரேசிலில் காட்டை அழித்து சோயா போட்டு மாட்டுக்குப் போடுகிற கணக்கும் அதில் சேர்ந்தது. அன்னவாசல், இலுப்பூர் பக்கத்துப் பொட்டலில் வெள்ளாடு மேய்க்கிற அம்மாவை அதே சதவீதத்தில் அடைத்தால் அது அநியாயம். உழ முடியாத தரிசில் முள்ளும் இலையும் தின்கிற ஆடு அது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் அதன் புழுக்கைதான் உரம். ஒரே ஒரு கறவை மாட்டைக் கட்டி, காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பத்து நாளுக்கு ஒருமுறை வருகிற பணத்தில் பிள்ளை படிக்க வைக்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! அவர்களிடம் போய் 'பால் கொலை' என்று போஸ்டர் காட்டுகிற வீகன், வருமானத்துக்கு என்ன வழி என்றும் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். விடக்கூடியவன் விட வேண்டும் என்று சொல்வது நியாயம். நகரத்தில் சோயா பால், பாதாம் பால் என்று மூன்று சாய்ஸ் இருக்கிறவனுக்கும் இவர்களுக்கும் ஒரே அளவுகோல் என்பது நியாயமில்லை. (அந்தப் பாதாம் பாலுக்காக அமெரிக்காவின் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதி வருடா வருடம் லாரியேறி கலிபோர்னியா போய்வருகிறது, தேனைத் தொடாத வீகனுக்கு அது தெரியுமா தெரியாது.)

கடைசியாக, யாருடைய லெட்ஜரிலும் வராத ஒரு பக்கம். தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்காதவர் குறைவு. அதை வறுத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துப் பருப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். வருடக்கணக்காக உடைத்த விரல்களின் நிறமே வேறு. வீகன் சீஸுக்கு மூலப்பொருள் முந்திரி. பழவுணவுக்காரர் சிற்றுண்டியும் முந்திரி. அவர் பெரிதாக நம்புகிற தேங்காயும் தானாக விழுவதில்லை, ஒருவர் ஏறித்தான் பறிக்கிறார். மரமேறிகள் விழுந்தால் குடும்பத்துக்குக் கொடுக்க தென்னை வளர்ச்சி வாரியம் தனி இன்சூரன்ஸ் திட்டமே வைத்திருக்கிறது என்றால் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வீகன் சொசைட்டியின் விளக்கம், நடைமுறையில் முடிந்த அளவுக்குப் பிராணிகளைச் சுரண்டுவதையும் கொடுமைப்படுத்துவதையும் தவிர்ப்பது என்று சொல்கிறது. ஆதனக்கோட்டைப் பெண்ணை அந்த விளக்கத்துக்குள் கொண்டுவருவது கஷ்டமே இல்லை, வலி தெரிகிற எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. முந்திரி வாங்குகிற வீகனிடம் அவள் விரலைக் காட்டி வாதாடலாம், அவர் கொள்கைப்படியே அவர் பதில் சொல்லியாக வேண்டும். பழவுணவுக்காரரிடம் அதே விரலைக் காட்டினால், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்.